சீட்டுக்கு அடியில் ஒரு தேங்காய்

பாவா,

வெட்கத்தை விட்டுச் சொல்லிவிடுகிறேன். இன்று மத்தியானம் உங்கள் காருக்குள் ஏறி உட்கார்ந்து, ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, வாயால் "ட்ர்ர்ர்... ட்ர்ர்ர்" என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தேன். கியர் மாற்றுகிற இடத்தில் சத்தத்தையும் மாற்றினேன். வளைவு வருகிற இடத்தில் உடம்பைச் சாய்த்தேன். கண்ணைத் திறந்தால் ஷெட்டு வாசலில் மோர்க்காரம்மா, இடுப்பில் பானையோடு, வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டிருக்கிறாள். என் பெரிய பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிற வருஷம் இது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

"இன்னா சாமி, வண்டி எந்த ஊரு தாண்டிச்சி?" என்று கேட்டாள்.

"கனகம்மாசத்திரம்," என்றேன். வேறு என்ன சொல்வது?

நான் விளையாட்டுக்கு ஏறவில்லை. பயத்தில் ஏறினேன். காரின் மேல் போர்த்தியிருந்த வெள்ளை வேட்டியை விலக்கியதுமே அந்த வாசனை வந்துவிட்டது. அந்தப் பழைய விமான ஓடுபாதைக்குப் போகிற நாட்களில் மட்டும் நீங்கள் என்ஜினில் ஊற்றுவீர்களே, விளக்கெண்ணெய் கலந்த அந்த எண்ணெய், அது காய்ந்து கருகிய வாசனை. நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. ஷெட்டில் எலி குடும்பம் நடத்துகிறது, கூரையில் ஒழுகல் இருக்கிறது, அந்த வாசனை மட்டும் நேற்றுக் கொதித்தது போல அப்படியே இருக்கிறது. முதல் தடவை நீங்கள் அதை ஊற்றும்போது நான் கேட்டேன்: "இன்னா பாவா, வண்டிக்குப் பேதிக்குக் குடுக்கறீங்களா?" நீங்கள் புனலைக் கையில் வைத்துக்கொண்டே சிரித்தீர்கள். "ஆங், மச்சான். அப்பால பாரு, எப்படி ஓடுதுன்னு."

இப்போது அந்த ஓட்டத்தை நான் ஓட்ட வேண்டுமாம். அதுதான் விஷயம்.

நேற்று வெள்ளிக்கிழமை விளக்கு வைத்துவிட்டு அக்கா என்னைக் கூப்பிட்டு அனுப்பினாள். தேங்காய்க் கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். யாருக்காவது உடம்பு சரியில்லையோ என்று பயம். நீங்கள் படுத்ததிலிருந்து அந்த வீட்டிலிருந்து ஆள் வந்தாலே நான் செருப்பைக்கூடத் தேடுவதில்லை. போனால் அக்கா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருக்கிறாள்.

"ஞாயித்துக்கெழம அரக்கோணத்து ஓடுபாதையில மெட்ராஸ்காரங்க கூடறாங்களாம். அவரு கூட அங்க ஓட்டுவாரே, அந்த டாக்டர் சொல்லி அனுப்பிச்சாரு. நம்ம வண்டி போவணும். நீ ஓட்டு."

"நானா?"

"பின்ன, நானா ஓட்டறது?"

"அக்கா, விக்கத்தானே போறோம்? ஊர்கோலத்துக்கு வாடகைக்கு விடறவரு வந்து பாத்துட்டுப் போனாரு. அந்த டாக்டரும் கேட்டுகினு இருக்காரு. எதுக்கு இப்ப ஓட்டணும்? எங்கியாவது மோதினா?"

அக்கா முறத்தைக் கீழே வைத்தாள். "தெனம் வெளக்கு ஏத்தறப்போ அந்த ஷெட்டைப் பாக்கறேன்டா. வெள்ளத் துணி போத்திகினு கீது. அன்னிக்கு அவர நடுவூட்ல போட்டிருந்த மாதிரியே கீது. ஒரு வாட்டி அது ஓடறத பாத்துட்டா, அப்பால யாரு வேணா எடுத்துகினு போவட்டும்."

பாவா, கேலி பண்ணக்கூட வாய் வரவில்லை. எனக்கு! சரி என்று தலையை ஆட்டிவிட்டு வந்தேன். ராத்திரி சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன்.

ஏனென்றால் அடுத்து அவள் சொன்னது இதுதான்: "பயப்படாத. காய் வெச்சிடறேன்."

அந்தக் காயைப் பற்றித்தான் உங்களிடம் பேச வேண்டும். உங்களைத் தவிர வேறு யாரிடமும் பேச முடியாது. பேசுவதற்கு ஆள் இல்லை என்பதால்தான் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருக்கும். நான் மூன்றாம் வகுப்போடு வாத்தியாரை நிம்மதியாக விட்டவன் என்று உங்களுக்குத் தெரியும்.

வெள்ளைக்காரர்கள் மூட்டை கட்டின வருஷம் அந்தக் காரை வாங்கிக்கொண்டு வந்தீர்கள். பொதட்டூர்பேட்டைத் தறிகளில் கைலி நெய்து வாங்கி மெட்ராஸுக்கு அனுப்புகிற மனிதர், ஏற்றி இறக்க ஒரு லாரி வாங்குவார் என்று தெருவே எதிர்பார்த்தது. வந்தது தரையோடு தரையாக ஒரு பச்சை வண்டி. மேலே கூரை இல்லை. இரண்டு பேருக்கு மேல் இடமில்லை. கைலி மூட்டை ஒன்றைக்கூட வைக்க முடியாது. நான் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "பாவா, தவளை வாங்கியிருக்கீங்க," என்றேன். அன்றிலிருந்து தாலுகா ஆபீஸ் பியூன் வரைக்கும் அதற்குத் தவளை என்றே பேர். நீங்கள் கோபித்துக்கொள்ளவில்லை. ஹேண்டிலைப் போட்டுச் சுற்றினீர்கள். தவளை கத்தியது. மாட்டுக் கொட்டகையில் இருந்த மாடெல்லாம் எழுந்து நின்றது.

அக்காவுக்கு அந்தச் சத்தம் கேட்டதும் முகம் வெளுத்துவிட்டது. நான் அதைப் பார்த்தேன். நீங்கள் பார்க்கவில்லை. நீங்கள் என்ஜினைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

பிறகு ஆடிக் கிருத்திகை வந்தது. மெட்ராஸ் பக்கமிருந்து காவடிக்காரர்கள் சாரி சாரியாக நடந்து வருகிற சமயம். எனக்குக் கடையில் மூச்சு விட நேரமில்லை. தேங்காய் தீர்ந்துவிட்டதென்று கனகம்மாசத்திரத்தில் ஒரு தோப்புக்காரரைப் பார்க்க உங்களோடு வண்டியில் வந்தேன். சத்திரத்துக்கு முன்னால் ரோடு நேராக, காலியாகக் கிடந்தது. நீங்கள் அழுத்தினீர்கள். என் துண்டு பறந்து போனது. நான் சிரித்துக்கொண்டிருந்தேன், உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் நன்றாகத்தான் இருந்தது. புளியமரத்து நிழலில் இளைப்பாறிக்கொண்டிருந்த காவடிக் கூட்டம் ஒன்று எழுந்து ரோட்டுக்கு இறங்கியது.

நீங்கள் பிரேக்கை மிதித்தீர்கள். வண்டி வழுக்கிக்கொண்டே போனது. நின்றபோது முன்பக்கத்துக்கும் ஒரு கிழவரின் பால்குடத்துக்கும் நடுவில் ஒரு முழம் இருந்திருக்கும். அவர் காவடியிலிருந்த மயிலிறகு ஒன்று காற்றில் வந்து கண்ணாடியில் ஒட்டிக்கொண்டது. கிழவர் மஞ்சள் வேட்டியைச் சரிசெய்துகொண்டு உங்களைப் பார்த்தார்.

"இன்னா அவசரம் நைனா? முருகன் எங்கியும் போவல. மலமேலதான் கீறான்."

அவ்வளவுதான் சொன்னார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திரும்பும் வழி முழுக்க மாட்டு வண்டிக்குப் பின்னாலேயே மாட்டு வண்டி வேகத்தில் வந்தீர்கள். வீட்டுக்கு வந்து அந்த இறகை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டீர்கள்.

அடுத்த வாரம்தான் ஓடுபாதைப் பேச்சு ஆரம்பித்தது. யுத்த காலத்தில் அரக்கோணத்துப் பக்கம் போட்டார்களே, அது யுத்தம் முடிந்து சும்மா கிடந்தது. விமானம் போய் ஆடு வந்திருந்தது. மெட்ராஸிலிருந்து வேக வண்டி வைத்திருக்கிற சில பேர் எப்போதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே வந்து, தார் பீப்பாய்களை வரிசையாக வைத்து, ஒருத்தர் பின் ஒருத்தராக ஓட்டிப் பார்ப்பார்கள். நீங்களும் போகப்போவதாகச் சாப்பாட்டில் உட்கார்ந்து சொன்னீர்கள். அக்கா ரசத்தை ஊற்றாமல் கரண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"வேகமா போனதாலதானே அன்னிக்கு அப்படி ஆச்சு? இன்னும் வேகமா போவறதுக்கா அங்க போறீங்க?"

"அங்க காவடி வராதும்மா. மாட்டு வண்டி வராது. பள்ளிக்கூடம் விட்டு யாரும் குறுக்க ஓடமாட்டாங்க. மோதினா நான் மட்டும்தான் மோதணும்."

"நீங்க மட்டும்தான்னு சொல்றீங்க. அது கொஞ்சமா எனக்கு?"

நீங்கள் இலையை மடித்தீர்கள். எனக்கோ நடுவில் மாட்டிக்கொண்ட நிலைமை. "டயர் தேஞ்சா யாரு குடுப்பாங்க பாவா? பெட்ரோலே ரேஷன் சீட்டுக்குத்தான் கெடைக்குது. பேசாம ஊர்கோலத்துக்கு விட்டுடுங்க. பொண்ணு மாப்பிள்ளைய ஏத்திகினு நாலு வீதி சுத்தட்டும். பேண்டு வாத்தியத்துக்குப் பின்னால தவளை நல்லாத்தான் போவும்," என்றேன்.

நீங்கள் கையைக் கழுவிவிட்டு வந்து சொன்னது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. "மச்சான், அதுக்குள்ள இருக்கற வேகம் எங்கியாவது ஒரு எடத்துல வெளிய வரத்தான் போவுது. ரோட்டுல வரக்கூடாது. அதுக்கு ஒரு எடம் வேணும். அங்க போய் கக்கிட்டு வந்தா, இங்க நான் மாட்டு வண்டிக்குப் பின்னாலயே வருவேன்."

அக்கா கேட்டாள்: "சத்தியமா?"

"மலைமேல இருக்கறவன் சத்தியமா."

அதை நீங்கள் காப்பாற்றினீர்கள். பிறகு ஒரு நாளும் ஊர் ரோட்டில் நீங்கள் அழுத்தியதில்லை. லாரிக்காரன் ஹாரன் அடித்து முந்திப் போவான், நான் பல்லைக் கடிப்பேன், நீங்கள் கையைக் காட்டி வழி விடுவீர்கள். வேகமான வண்டி வைத்திருக்கிறவர்கள் அதை ஓடுபாதையில் ஓட்டலாமா கூடாதா என்று இப்போது யாராவது என்னைக் கேட்டால் நான் அந்த ஒரு முழ இடைவெளியைத்தான் சொல்வேன். ஆனால் அக்காவின் கேள்வியும் என்னிடம் அப்படியே இருக்கிறது. இரண்டையும் வைத்துக்கொண்டு எந்தப் பக்கமும் சாய முடியவில்லை.

போகச் சம்மதித்த அக்கா ஒரு நிபந்தனை போட்டாள். நானும் கூட உட்கார வேண்டும். "நீ பக்கத்துல இருந்தா அவரு மெதுவா போவாரு." ஆக, என்னைப் பிரேக்காக அனுப்பினாள்.

அன்றைக்கு நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாள், பூசணிக்காய் சுற்றினாள், திருநீறை என்ஜின் மேலேயே பூசினாள். நீங்கள் எல்லாவற்றுக்கும் தலை குனிந்தீர்கள். ஒன்றுக்கு மட்டும் குனியவில்லை. வண்டிக்குள் கட்டாமல் கிடக்கிற எந்தச் சாமானும் இருக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லி, ஸ்பேனர், துணி, என் வெற்றிலைப் பெட்டி எல்லாவற்றையும் எடுத்து வெளியே வைத்தீர்கள். ஓடுபாதையில் ஓட்டுகிறவர்கள் எல்லோரும் அப்படித்தான் செய்வார்களாம். எனக்கு வெற்றிலைப் பெட்டி போனதே பெரிய துக்கமாக இருந்தது.

ஓடுபாதையில் நமக்கு முன்னால் போனவர் அந்த டாக்டர். பீப்பாயைத் திரும்பும் இடத்தில் அவருடைய வண்டி மெதுவாக, மிக மெதுவாக, தூங்குகிறவர் புரண்டு படுப்பது போலப் புரண்டது. அவரே வெளியே வந்தார். ஒரு கை தொங்கிக்கொண்டிருந்தது. இன்னொரு கையால் சிகரெட் கேட்டார். நான் உங்களைப் பார்த்தேன். "பாவா, ஊட்டுக்குப் போயிடலாமா?" என்றேன். கேலியாகத்தான் ஆரம்பித்தேன், முடிக்கும்போது அது கேலியாக இல்லை.

"நீ வேணா எறங்கிக்கோ மச்சான்."

இறங்கியிருப்பேன். அக்கா முகம் நினைவுக்கு வந்ததால் இறங்கவில்லை.

நேர்ப்பாதையில் தார் பிளவுகள் எல்லாம் ஒரே கோடாகிவிட்டன. காற்று என் கன்னத்தைப் பின்னால் இழுத்தது. கடைசிப் பீப்பாய் சின்னதாகத் தெரிந்தது, பிறகு பெரிதாகத் தெரிந்தது. நீங்கள் பிரேக்கில் காலை வைத்தீர்கள்.

"மச்சான், கால் எறங்கல."

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. உப்பு இல்லை என்று சொல்வது போலச் சொன்னீர்கள். நான் குனிந்து பார்த்தேன். பிரேக்குக் கட்டைக்கு அடியில், குடுமியோடு, ஒரு தேங்காய்.

தலையை உள்ளே விட்டேன். எனக்குத் தெரிந்தது உங்கள் செருப்பும் தேங்காயும்தான். கையால் பிடித்து இழுத்தால் வரவில்லை, கட்டை அதை அழுத்திக்கொண்டிருக்கிறது. "காலை எடுங்க! காலை எடுங்க!" என்று கத்தினேன். ஓடுகிற வண்டியில் பிரேக்கிலிருந்து காலை எடுக்கச் சொல்கிறேன், நீங்கள் எடுத்தீர்கள். அது ஒன்றுதான் இன்றைக்கும் எனக்குப் புரியாதது, என் பேச்சைக் கேட்டு எடுத்தீர்களே. காயை உருவினேன். நீங்கள் பிரேக்கையும் கை பிரேக்கையும் சேர்த்துப் பிடித்தீர்கள். உலகம் சுற்றியது. நின்றபோது வந்த வழியைப் பார்த்தபடி முட்செடிக்குள் இருந்தோம். பீப்பாய் எனக்குப் பின்னால் கை நீட்டினால் தொடுகிற தூரம்.

ரொம்ப நேரம் சூடு ஆறுகிற என்ஜின் டிக் டிக்கென்று சத்தம் போட்டது. காய் என் மடியில். நீங்கள் குனிந்து பார்த்தீர்கள்.

"இது உன் கட சரக்கா?"

பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. மூன்று கண்ணையும் மூடி, குடுமியை அப்படி முறுக்கி விடுவது மலையடிவாரத்தில் என் கை மட்டும்தான். "ஆங்," என்றேன்.

"நல்லா முத்தின காய்."

அக்காவுக்கு மனது கேட்கவில்லை. மலைமேல் சாமி காலடியில் வைத்து எடுத்த காயை நமக்குத் தெரியாமல் சீட்டுக்கு அடியில் ஒளித்து வைத்திருக்கிறாள். உங்களைக் காப்பாற்ற வைத்தது. நீங்கள் அதைப் பீப்பாய் விளிம்பில் உடைத்தீர்கள். "சாட்சியத் தின்னு மச்சான்," என்று ஒரு மூடியை என்னிடம் கொடுத்தீர்கள். முட்செடி ஓரத்தில் உட்கார்ந்து பல்லால் கடித்துக் கடித்துத் தின்றோம். அவளிடம் சொல்வதில்லை என்று முடிவு செய்தோம். சொன்னால் அவள் உயிரையே விட்டிருப்பாள்.

வீட்டுக்கு வந்ததும் அவள் ஓடி வந்து முதலில் உங்களைத் தொட்டுப் பார்த்தாள், அப்புறம் என்னை. நாம் கால் கழுவப் போன நேரத்தில் சீட்டுக்கு அடியில் கையை விட்டுத் துழாவினாள். கிணற்றடியிலிருந்து நான் பார்த்துக்கொண்டிருந்தேன். காய் இல்லை. கண் கலங்கி, மலை இருக்கிற திசையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "எடுத்துகினான்டா. ஆண்டவன் எடுத்துகினான்," என்றாள் என்னிடம். நான் பல் இடுக்கில் மாட்டியிருந்த தேங்காய்த் துணுக்கை நாக்கால் துழாவிக்கொண்டே, "ஆங் அக்கா," என்றேன்.

அதிலிருந்து அவளுக்குப் பாதிப் பயம் போய்விட்டது. எனக்கு இரட்டிப்பாகிவிட்டது. அவள் தெரு முழுக்கச் சொன்னாள். என் கடைக்கு லாரிக்காரர்கள் வர ஆரம்பித்தார்கள். திருப்பதி பஸ் டிரைவர் ஒருத்தர் வந்து, "சீட்டுக்கு அடியில வெக்கறதுக்கு நல்ல காயா குடுங்க," என்று கேட்ட அன்று எனக்கு வேர்த்துக் கொட்டியது. பஸ் நிறைய ஜனங்கள்! நான் நாக்கைக் கடித்துக்கொண்டு யோசித்து ஒரு சாஸ்திரம் உண்டாக்கினேன். "காய் நகரக் கூடாதுங்க. நகந்தா பலன் போயிடும். சாக்குல சுத்தி, சீட்டுக் கம்பியோட சேத்து இறுக்கக் கட்டிடணும்." சாக்குத் துண்டும் சணலும் நானே சும்மா கொடுத்தேன். அன்றிலிருந்து இந்த ஊரில் அது வழக்கம். நீங்கள் அதைக் கேட்டுவிட்டு மூச்சு முட்டச் சிரித்தீர்கள். "மச்சான், நீ ஒரு மதத்தையே திருத்திட்ட."

ஆனால் அக்காவிடம் மட்டும் அந்தச் சாஸ்திரத்தைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. சொன்னால் ஏன் என்று கேட்பாள். நீங்கள் ஒவ்வொரு முறையும் புறப்படும் முன் நான் போய்ச் சீட்டுக்கு அடியில் கை விட்டு, காயை எடுத்துத் துண்டில் மறைத்துக்கொண்டு வந்துவிடுவேன். திரும்பி வந்ததும் அவள் தேடுவாள், இருக்காது, கும்பிடுவாள். எத்தனை காய் தின்றிருப்போம் பாவா!

எனக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்ததும் அங்கேதான். ரோட்டில் கற்றுக்கொள்ளக் கூடாது, தப்புப் பண்ண இடம் இருக்கிற இடத்தில் கற்றுக்கொள் என்றீர்கள். ஒவ்வொரு தடவை நிறுத்தும்போதும் சொல்வீர்கள்: "மொதல்ல கை பிரேக்கை இழு. அப்பால மூச்சு விடு."

வண்டியைப் பார்த்தே எல்லோரும் பயந்துகொண்டிருந்தோம். மஞ்சள் காமாலை வண்டியில் வரவில்லை. நடந்து வந்து, வீட்டுக்குள் வந்து, உங்கள் பாயிலேயே உட்கார்ந்துகொண்டது. அதற்கு எந்தச் சீட்டுக்கு அடியில் என்ன வைப்பது என்று யாருக்கும் தெரியவில்லை.

நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை. அக்கா காய் வைப்பாள். எடுத்துத் துண்டில் மறைக்கலாம் என்றால் இந்த முறை அவளும் பக்கத்தில் உட்கார்ந்து வருகிறாளாம். "நான் பக்கத்துல இருந்தா நீ மெதுவா போவ," என்கிறாள். ஊர் என்ன பேசும் என்று கேட்டேன். பேசட்டும் என்றாள். அவள் கண் முன்னால் காயை எப்படி எடுப்பேன்? எடுக்காமல் எப்படி ஓட்டுவேன்? உண்மையைச் சொன்னால், உங்களைக் கொல்லப் பார்த்தது தன் கைதான் என்று இனி உள்ள காலம் முழுக்க நினைத்துக்கொண்டிருப்பாளே. கேட்டுத் தெரிந்துகொள்ள நீங்களும் இல்லை. கை வலிக்கிறது. நிறுத்துகிறேன்.

பாவா, இது ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். இரண்டு பேரும் உயிரோடு இருக்கிறோம். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

காலையில் ஷெட்டைத் திறந்ததும், அக்கா பூ எடுக்க உள்ளே போன சமயம் பார்த்து, சட்டென்று சீட்டுக்கு அடியில் கையை விட்டேன். கையில் சாக்குப் பட்டது. இழுத்தேன், வரவில்லை. குனிந்து பார்த்தேன். சாக்கில் சுற்றி, சணலால் கம்பியோடு சேர்த்து, பிள்ளையைத் தூளியில் கட்டுவது போலக் கட்டியிருந்தது. எனக்குப் பின்னால் அவள் குரல் கேட்டது.

"இறுக்கமாத்தான்டா கட்டியிருக்கேன். பிரேக்குப் பக்கம் போவாது."

நான் குனிந்த வாக்கிலேயே இருந்தேன்.

"உனக்கு... யாரு சொன்னது?"

"அவருதான். படுத்துகினு இருக்கும்போது. கீழாநெல்லி கசக்குதுன்னு மூஞ்சிய சுளிச்சாரு. சிரிப்பா ஏதாவது சொல்லுங்க, கசப்பு தெரியாதுன்னேன். இத சொன்னாரு. நீ உள்ள தலைய விட்டுகினு காலை எடுங்க காலை எடுங்கன்னு கத்தினத நடிச்சிக் காட்டினாரு. சிரிச்சி சிரிச்சி எனக்கு அழுகையே வந்துடுச்சி."

"அப்பால ஏன் இன்னிவரைக்கும் முருகன் எடுத்துகினான்னு சொல்லிகினு இருக்க?"

"அவன்தான்டா எடுத்தான். இல்லாங்காட்டி நீ குனிஞ்சி எடுத்திருப்பியா? கடையில வெத்தல கீழ வுழுந்தா எடுக்க ஆள் கூப்பிடறவன் நீ."

பாவா, நீங்கள் படுக்கையில் மஞ்சளாகக் கிடந்துகொண்டு என்னைப் போல நடித்துக் காட்டினீர்களா? நான் வாசலில் உட்கார்ந்து உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டு, பிழைத்துக்கொள்வார் என்று நினைத்த நாள் ஒன்று உண்டு. அன்றுதானா அது?

ஓடுபாதையில் டாக்டர் கொடியாகத் தன் கைக்குட்டையை ஆட்டினார். அவருடைய கை இப்போது நேராகத்தான் இருக்கிறது. அக்கா முக்காட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு, பக்கத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். நான் மாட்டு வண்டியை விடக் கொஞ்சம் வேகமாகத்தான் ஆரம்பித்தேன்.

"இவ்ளோதானா? இதுக்கா அவரு அப்படிப் பேசுவாரு?"

அழுத்தினேன். தவளை கத்தியது. அந்த விளக்கெண்ணெய் வாசனை மூக்கில் ஏறியது. பக்கத்தில் அவள் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. பிளவுகள் ஒரே கோடாகும் இடம் வந்தபோது அவள் ஏதோ சொன்னாள், காற்றில் எனக்குக் கேட்கவில்லை. என்னிடம் சொன்னதில்லை என்று மட்டும் தெரிந்தது. பீப்பாய் பெரிதானது. பிரேக்கை மிதித்தேன். கால் இறங்கியது பாவா. நன்றாக இறங்கியது.

வண்டியை நாளை டாக்டர் வந்து எடுத்துக்கொண்டு போகிறார். ஊர்கோலத்துக்கு வேண்டாம் என்றது அக்காதான். என்னிடம் மிச்சமிருப்பது ஒரு பழக்கம். பஸ்ஸில் ஏறினாலும், ரயிலில் ஏறினாலும், மாப்பிள்ளை பார்க்கப் போகிற வில்வண்டியில் ஏறினாலும், உட்காரும் முன்னால் சீட்டுக்கு அடியில் கையை விட்டுத் துழாவுகிறேன். பக்கத்தில் இருக்கிறவர்கள் காலை இழுத்துக்கொண்டு முறைக்கிறார்கள். என்ன தேடுகிறாய் என்று கேட்டால், எங்கள் பாவாவை என்று சொல்ல முடியுமா?

இன்னொன்றும் நடந்தது. ஓட்டம் முடிந்து, தார் ஓரத்தில், கொஞ்சம் சரிவான இடத்தில் நிறுத்தினேன். முதலில் மூச்சு விட்டேன், கை பிரேக்கை மறந்து. இரண்டு பேரும் இறங்கித் தண்ணீர் குடிக்கப் போனோம். வண்டி மெதுவாக உருண்டு, பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தவரின் சட்னிக் குண்டானில் போய் முட்டி நின்றது. சட்னி முழுவதும் தரையில் போனது. வேறு அரைக்கத் தேங்காய் இல்லை என்றார். அக்கா சாக்கை அவிழ்த்துக் காயை எடுத்துக் கொடுத்தாள். அவர் உடைத்து அரைத்தார். உப்பு கொஞ்சம் கம்மி.